நான் பார்க்காத படம்

14.7.1963, ஞாயிறு இரவு

இதற்காக ஒரு பக்கத்தை வீணாக்குவது தப்புதான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

பத்திரிகை விமர்சனத்தைப் படித்துவிட்டு, அட்டன் டவுனில் ஓடும் புதுப்படத்தைப் பார்க்கச் சொன்னது நான்தான். எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் தோட்டத்து லொறியில் போய் வந்தது. பட்டதாரிப் பெண் லொறியில் ஏறக்கூடாது என்று அப்பா என்னை விடவில்லை.

திரும்பி வந்த பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சிரிப்புப் படம்னு சொன்னியே புள்ள, கடைசியில அந்தப் பொண்ணு செத்துப்போறா. அழுது அழுது என் முந்தானையே நனைஞ்சிருச்சு. பாக்காமலே எப்புடி சொன்ன?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாததா?" என்றார் அப்பா, பெருமையாக. அந்தப் பெருமைதான் என்னை வீட்டில் உட்கார வைக்கிறது. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா, அடுத்த தடவ என்னையும் அந்த லொறியில ஏத்தி விடுங்க.