நெளிநெளிக்குச் சான்று

அன்பு ஹெப்சிபா,

கர்த்தர் கிருபையால் சுகம். குன்னூர்க் குளிரில் உன் முட்டிவலியும் நம் பயல் மெர்வினின் இருமலும் எப்படி இருக்கின்றன? இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை.

இம்மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தேன். சிறுவர் அகராதியில் 'நெ' வரிசை முடிந்தால்தான் விடுப்பு. அது 'நெளிநெளி'யில் நின்றுவிட்டது. "அலைபோல் வளைந்து வளைந்து போகும் கோடு, குழந்தைகள் விளையாட்டாகச் சொல்வது, பாம்புக்கும் சுருட்டைமுடிக்கும் ஆகும்" என்று எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் தனிஸ்லாஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சுல எங்க வந்திருக்கு, தம்பி?"

"பிள்ளைக சொல்லுதுகய்யா."

"பிள்ளைக ஆயிரம் சொல்லும். எழுத்துல இருக்கா?"

பிழை திருத்தும் முகைதீன் பிச்சை அண்ணன் எனக்காகப் பேசினார். "திருப்பரங்குன்றம் ரோட்டுல புதுசா வெள்ளைக்கோடு போட்டிருக்காய்ங்க, பாருங்கய்யா. அம்புட்டும் நெளிநெளிதான்."

"அது காண்ட்ராக்டர் குத்தம். சொல்லுக்குச் சான்றாகாது."

குழந்தைகளுக்கான அகராதியில் குழந்தைகளின் சாட்சி செல்லாது என்று தீர்மானம் நிறைவேறியது. என் விடுப்பும் அதோடு நின்றது. சண்டை போட்டுப் பார்த்ததில், குழந்தை எழுதிய கடிதமும் எழுத்துதான் என்று ஐயா ஒருவழியாக ஒப்புக்கொண்டார். தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டுமாம்.

ஆகவே மெர்வினை உட்காரவைத்து, அந்தச் சொல் வருகிற மாதிரி எனக்கொரு கடிதம் எழுதச் சொல். நீ திருத்தாதே. பக்கத்தில் கோடும் போடட்டும். வேறு என்ன தோன்றினாலும் எழுதட்டும், எத்தனை பக்கமானாலும் சரி. குழுவுக்கு ஒரு வரி போதும். மீதி எனக்கு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
ஸ்டீபன்