காம்பரா மிஸ் வைத்த ஓட்டம்

ஏப்ரல் 2, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். தேயிலை ஆலைக் கூரைகூடத் தெரியவில்லை. தாய்மார் மலை வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இன்று பதினொரு பிள்ளைகள், பதினொன்றுக்கும் மூக்கு ஒழுகல். பால்மா ஒரு பெட்டி குறைவாக வந்திருக்கிறது. போன் பண்ணிக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் விளையாட்டுக் கழகக் கூட்டம். புதுவருச விளையாட்டு விழா 19ஆம் தேதி. வழக்கம்போல வழுக்கு மரம், தலையணைச் சண்டை, பணிஸ் தின்பது, கயிறு இழுப்பு. இதற்கெல்லாம் சனம் முண்டியடிக்கும். ஓட்டப் போட்டி என்று மைக்கில் சொன்னால் போதும், எல்லாரும் தேத்தண்ணி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். போன வருடம் பெண்கள் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் தூங்கினார். நான்தான் முதலாவது. ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அது யாருக்கும் ஞாபகமில்லை.

வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து சொல்லிவிட்டேன்: இந்த வருடம் ஓட்டத்தை என்னிடம் விடுங்கள், ஒருத்தரும் எழுந்து போகாத மாதிரி நடத்திக் காட்டுகிறேன். கழகச் செயலாளர் சசி (ஆட்டோ ஓட்டுகிறவன், மைக்கும் அவன் பொறுப்பு) சரி என்றுவிட்டான். பின்னால் இருந்து என் சேக்காளி ராஜேஸ் கை தட்டினாள். அவள் தட்டியதால்தான் மற்றவர்களும் தட்டினார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

மழை இல்லை. துணி காய்ந்தது.

ஓட்டப் போட்டி ஏன் சப்பென்று இருக்கிறது? யோசித்தது:

- ஆரம்பத்திலேயே யார் ஜெயிப்பாள் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு என்னத்தைப் பார்ப்பது.
- ஓடுகிறவள் யார், எந்த லயத்து வீடு என்று மைக்கில் சொல்வதில்லை. பாட்டுப் போடுகிறார்கள்.
- கோயில் மைதானம் கையகலம். சுற்றிச் சுற்றி ஓடினால் பார்க்கிறவருக்கும் தலை சுற்றும்.
- நடுவில் பேச்சு. பொன்னாடை. மறுபடி பேச்சு.

செய்யப் போவது:

1. மைதானம் வேண்டாம். ரோட்டில் ஓட்டம். கோயில் படியிலிருந்து இறங்கி ஆலை வளைவு, திரும்பி மேடு ஏறி மறுபடி கோயில் படி. மேட்டு லயத்து வாசலில் நின்றால் முழு ரோடும் தெரியும்.
2. சசி வாய் ஓயாமல் பெயர் சொல்ல வேண்டும்.
3. எல்லாரையும் ஒன்றாக விடக்கூடாது!! மெதுவாக ஓடுகிறவளை முதலில் விடுவது, வேகமானவளைக் கடைசியில். எவ்வளவு முன்னால் விடுவது என்று சரியாகக் கணித்தால் எல்லாரும் கோயில் படிக்கு ஒரே நேரத்தில் வந்து முட்டுவார்கள். கடைசிப் பத்து அடி வரைக்கும் யார் என்று தெரியாது. எங்கோ வெளிநாட்டில் இப்படி நடத்துவதைப் போனில் பார்த்தேன். மயிர்க் கூச்செறிந்தது.

அதற்கு ஒவ்வொருத்தியின் உண்மையான வேகம் தெரிய வேண்டும். முன்கூட்டியே ஒரு ஓட்டம் வைத்து நேரம் எடுக்க வேண்டும்.

ராஜேஸ் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது எல்லாம் சொன்னேன். அவளுடைய கடைக்குட்டி கவின் பகல் முழுக்க என்னிடம்தான். நானும் ராஜேஸும் ஒரே லயத்தில், சுவர் ஒட்டிய வீடுகளில் பிறந்தோம். பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் அவள் மூன்றாவது, நான் நான்காவது. அவள் கையிலிருந்து எத்தனை முறை அந்தக் கட்டையை வாங்கியிருப்பேன். பதினெட்டில் அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். நான் ஏ.எல். பரீட்சை எழுதி காம்பரா மிஸ் ஆனேன். இப்போது பீலிக்கரைக்கு நான் தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பழைய சேக்காளிகள்கூட மிஸ், மிஸ் என்கிறார்கள். ராஜேஸ் ஒருத்திதான் இன்னும் வாடி போடி.

அவளிடம் மட்டும் சொன்னேன், பரிசு எனக்குப் பெரிதில்லை, ஒரு நாளாவது அவர்கள் நடுவில் மூச்சிரைக்க நிற்க வேண்டும் என்று. சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேரம் எடுத்த நாள். வெளுத்த காலை, நல்ல குளிர்.

பெரட்டுக் களத்தில் ஏழு மணிக்கு வரச் சொன்னேன். தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம், எல்லாருக்கும் பழக்கம். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். நான் நோட்டும் போனுமாக நின்று ஒவ்வொருத்தியாகப் பெயர் கூப்பிட்டு, விழாவுக்குக் குறித்த அதே தூரம் ஓட விட்டேன். வந்ததும் நேரம் குறித்தேன். ஒழுங்காக நடந்தது. எனக்கே பெருமை.

ராஜேஸ் 6 நிமிடம் 10 வினாடி. அடி ஆத்தே. மேட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூணு புள்ள பெத்த உடம்புடி, முந்தி மாதிரியா என்றாள். பாவமாக இருந்தது. மற்றவர்களும் ஆறுக்குக் கிட்டத்தில்தான். வெயிலிலும் மழையிலும் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் இவ்வளவு களைத்துப் போனார்களா என்று மனது கஷ்டப்பட்டது.

கடைசியில் நான். ராஜேஸ் போனைப் பிடித்தாள். உயிரைக் கொடுத்து ஓடினேன். 4.25. வேலிக்குப் பக்கத்தில் வாந்தி. ராஜேஸ் முதுகைத் தடவிவிட்டாள்.

ஏப்ரல் 11, சனி

ஹட்டனுக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை, எல்லாரும் வருசத்துக்குத் துணி எடுக்கிறார்கள். இலக்கம் எழுதத் துணி, சுண்ணாம்பு, விசில் ஒன்று.

ஐந்து நாளாக ராஜேஸ் சாயங்காலம் வருகிறாள். அவள் நேரத்தை வாசிக்க, நான் யாரை எப்போது விடுவது என்று எழுதுகிறேன். அவளுக்கும் எனக்கும் இடையில் 1 நிமிடம் 45 வினாடி. இது ரொம்பக் கூடயாடி என்று கேட்டாள். கூட இல்லை, உன் வேகத்துக்கு அதுதான் நியாயம் என்றேன். இரண்டு சாயத் தண்ணி குடித்தாள். கவின் என் மடியிலேயே தூங்கிப்போனான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருசப் பிறப்பு. பொங்கல் அடியில் பிடித்துவிட்டது. கோயிலில் கூட்டம். சந்தித்தவர்கள் எல்லாரும் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆவல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா. எழுதுகிறேன்.

சனம் என்றால் சனம். ரோட்டின் இரண்டு பக்கமும், லயத்துக் கூரைமேலும். ஒருத்தரும் தேத்தண்ணிக்குப் போகவில்லை. சசி மைக்கில் வெளுத்து வாங்கினான். ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். ராஜேஸ் மூன்றாவது. கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் எட்டுப் பேரும் போன பிறகு நான் மட்டும் கோட்டில்.

ஆலை வளைவுக்கு நான் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மேட்டில் பாதி ஏறியிருந்தார்கள். இடுப்பைப் பிடித்தவள் யாருமில்லை. கும்பலாகப் பறந்தார்கள். ராஜேஸ் நடுவில், பள்ளிக்கூடத்தில் ஓடிய அதே ஓட்டம், முழங்கை உள்ளே ஒட்டி. கோயில் படியில் எட்டுப் பேரும் ஒன்றாக முட்டினார்கள், நான் காகிதத்தில் போட்டது போலவே. ராஜேஸ் ஒரு கை நீளத்தில் முதலாவது. சனம் கத்திய கத்தலில் தாரை தப்பட்டைகூடக் கேட்கவில்லை. நான் நினைத்த ஓட்டம் நினைத்தபடியே நடந்தது. நான் மட்டும்தான் அதில் இல்லை.

பிறகு சசியின் குரல்: "காம்பரா மிஸ் இன்னும் வளைவுலதான் வர்றாங்க. யாராச்சும் ஆட்டோ அனுப்புங்கப்பா."

முழுத் தோட்டமும் சிரித்தது. அந்த மேடு முழுக்க அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஏறினேன். நிற்கலாம் என்று தோன்றியது, நிற்கவில்லை. படிக்கு வந்தபோது ஒரு வயதான ஆயா முதுகில் தட்டி, இவ்வளவு படிச்சும் வெவரம் இல்லாத புள்ளயா இருக்கியே என்றார். அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓடியது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பார்க்க வந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சசி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கழித்துப் பார்த்தால் ராஜேஸ் ஓடியது 4 நிமிடம் 15. என்னைவிடப் பத்து வினாடி குறைவு. ஒன்றாக விட்டிருந்தாலும் அவள்தான் ஜெயித்திருப்பாள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. பிறகு எதற்கு அந்த நடிப்பு. ஒவ்வொரு சாயங்காலமும் என் வீட்டில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அந்தப் பொய் நேரத்தை வாய்விட்டு வாசித்தாளே.

எட்டுப் பேருக்கும் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அன்றைக்கு, இன்றைக்கு. ஏன் எழுதினேன் என்று தெரியாது.

ஏப்ரல் 20, திங்கள்

காலை 6.40. ராஜேஸ் கவினை விட வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி, நல்லா தூங்குனியாடி என்றாள். கேட்டுவிட்டேன், ஏன் இப்படிச் செய்தாய், மற்றவர்களுக்கும் நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்று. இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நாந்தான் சொன்னேன். பெரட்டுக் களத்துல நோட்ட வச்சிக்கிட்டு நின்னு பேரு கூப்புடுற. எவடி முழுசா ஓடுவா? ஒரு நாளு கூடுதலா கொழுந்து எடுத்துக் காட்டுனா மறுநாள்லருந்து அதத்தான் கேப்பாங்க. ஒங்கம்மாவும் எடுத்தவதானே, ஒனக்குத் தெரியாதா?"

இது கொழுந்து இல்லையே, விளையாட்டுத்தானே என்றேன். எழுதுறதெல்லாம் ஒண்ணுதான் என்றாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே ராஜேஸ்."

"சொன்னா அதயும் எழுதியிருப்ப."

படியிறங்கிப் போய்விட்டாள். இவ்வளவு காலமும் என்னை அந்தப் பக்கத்து ஆளாகத்தான் வைத்திருந்தாளா? வாடி போடி எல்லாம் வெறும் வாய்தானா?

11 மணி. கண்டாக்கு ஐயா வந்தார், வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க. மலை வேலையெல்லாம் அவர் மேற்பார்வைதான். விழா பிரமாதம், தோட்டத் தொரைக்கும் சந்தோசம் என்றார். ராஜேஸ் மேட்டில் ஏறியதைச் சொல்லிச் சொல்லி வியந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: ஏழாம் நம்பர் மலை செங்குத்து, ரெண்டு மாசமாக அந்தப் பொம்பளைகள் கால் வலி, மூச்சு வாங்குது என்று சொல்லிப் சரிவு குறைந்த பணிய மலையில் நிற்கிறார்கள். உங்களிடம் நேரம் எழுதிய தாள் இருக்கிறதாமே, மிஸ்?

எனக்குத் தெரியும் அவர் எதற்குக் கேட்கிறார் என்று. தெரியாமல் கொடுத்தேன் என்று இங்கே எழுதினால் அது பொய். மேசையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நேரமும் உள்ள தாள். என் பெயர் வரக்கூடாது என்று மட்டும் சொன்னேன். சீச்சீ, அப்படிச் செய்வேனா என்றார்.

பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தேன். கவின் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தூறல். பெரட்டுக் களம் காம்பராவுக்கு அடுத்து. ஜன்னலைத் திறக்காவிட்டாலும் எல்லாம் கேட்கும்.

கண்டாக்கு ஐயா பெயர் வாசித்தார். எட்டுப் பெயர். ஏழாம் நம்பர் மலை. யாரோ கால் வலி என்று ஆரம்பித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்தார். "கால் வலியா? ஆறு நிமிசம் நாலு நிமிசமாச்சே, எப்படி? மிஸ் கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. ஏறாட்டி இன்னைக்கு அரைப் பேருதான்."

அரை நாள் வேலை என்றுதான் பதிவு விழும். எட்டுப் பேரும் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏழாம் மலைப் பக்கம் ஏறினார்கள். ராஜேஸ் கடைசியாகப் போனாள். ஜன்னல் பக்கம் திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை.

அந்த மனுசன் எனக்கு வாக்குக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது. நேற்று அவள் சொன்னதை இன்று நானே உண்மையாக்கிவிட்டேன். அவள் என்னை ஏமாற்றியது ஒரு ஓட்டத்தில். நான் செய்ததற்கு அவர்கள் தினமும் அந்த மலை ஏற வேண்டும்.

சாயங்காலம் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். கவினைக் கூட்டிப்போக ராஜேஸின் மூத்த மகள் வந்தாள். பாலும் முட்டையும் முடிந்துவிட்டது, எழுதி அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

வெயில். பதினொரு பிள்ளைகளில் இரண்டுதான் வந்தன. மற்றவர்கள் எங்கே விட்டுவிட்டுப் போனார்களோ. பாயை விரித்து, பால் கரைத்து, காத்துக்கொண்டிருந்தேன்.

7 மணிக்குக் கொஞ்சம் முன்னால் ராஜேஸ் வந்தாள், கவினோடு. அவளுக்கு விட வேறு ஆள் இல்லை, மாமியார் படுத்த படுக்கை. முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ராஜேஸ், நான் என்று ஆரம்பித்தேன்.

பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பையையும் கொடுத்தாள்.

"இருமலுக்கு மருந்து உள்ளுக்கு இருக்குங்க, மிஸ். பத்து மணிக்குக் குடுத்துருங்க."