ஒத்துப்போகாத இரண்டு மெமரிகள்

மாப்ள,

அழிரப்பர் வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த மெமரியைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். நம் வீடியோக் கடைக் கம்ப்யூட்டர் எப்போது முரண்டு பிடித்தாலும் நீ முதலில் செய்யும் வைத்தியம் அதுதானே. நீ விசிலடித்துக்கொண்டே தேய்ப்பாய். இன்று நான் ஒன்றுக்கு நான்கு தடவை தேய்த்தேன்.

காலையில் உன் மகள் கடைக்கு வந்திருந்தாள். "என் நிக்காஹ் வீடியோல அத்தா பேசுனது மட்டும் வேணும், மாமா" என்றாள். திண்டுக்கல்லில் ஊரார் கல்யாணமெல்லாம் எடுத்தவன் நீ. உன்னை யாரும் எடுத்ததில்லை, அந்த ஒரு நாள் நான் எடுத்ததைத் தவிர. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. இன்னொரு பிரதி எடுப்பதற்குள் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். அதன்பின் அந்த வீடியோவைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆக, நீ இருப்பது இந்தப் பழைய டெஸ்க்டாப்பில் மட்டும்தான்.

பென்டிரைவுக்குக் காப்பி பாதி ஓடும்போது திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் நீலம். பெட்டியின் மூடியைக் கழற்றினால், பழைய மெமரிக்குப் பக்கத்தில் நீ செருகிய புதியது.

அதை நீ வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி வேறு, வேகமும் வேறு. "ரெண்டும் ஒத்துப்போகுமா மாப்ள?" என்று கேட்டேன். "நானும் நீயும் ஒத்துப்போகலையா? போயி டீ சொல்லு" என்றாய். முதலில் ஓடத்தான் செய்தது. பிறகு நெய்க்காரப்பட்டிக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற இடம் வந்ததும் படம் கட்டங்கட்டமாகப் பச்சையாகிவிட்டது. பெண்ணின் அண்ணன்கள் வாசலில் நின்று, "ஏனுங்க, வீடியோ ஆச்சுங்களா?" என்று கேட்க, உன் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அவர்கள் போனதும் சிரித்துச் சமாளித்தாய். மெமரியை மட்டும் கழற்றவில்லை.

இன்றைக்கு உன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. இருக்கிற ஒரே படத்தையும் பச்சையாக்கிவிடாதே என்று உன்னிடமே கெஞ்சினேன். பின்னால் நின்ற உன் மகள், "போயிருச்சா மாமா?" என்றாள்.

புதியதைப் பிடுங்கி மேசையில் போட்டேன். பழையதை மட்டும் துடைத்துச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். செத்த நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு திரை விழித்தது. காப்பி ஆமை வேகத்தில் ஏறி ஒருவழியாக முடிந்தது. சரியாக ஏறியிருக்கிறதா என்று பயந்துகொண்டே போட்டுப் பார்த்தேன். நீ வந்தாய். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாத கை. "எம்புள்ளைக்குக் காரம் ஆகாது, வெஞ்சனத்துல பாத்துப் போடுங்க" என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஒற்றை மெமரியில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. படம் உன் முகத்திலேயே நின்று நின்று நகர்ந்தது.

"வேற நல்ல மெமரி வாங்கிப் போட்டு ஓட்டட்டுமா தாயி?" என்றேன்.

"வேணாம் மாமா. வேகமா ஓடுனா அத்தா சீக்கிரம் போயிருவாரு."

இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மற்றது என் சட்டைப் பையில். வீடு திரும்பும் ஆத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதும்போதும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உன்னை ஒருமுறை பறிகொடுத்தாயிற்று. இன்னொரு முறை பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை, மாப்ள.