உன் இடக்கையில் பறந்த தட்டுகள்

அக்கா,

இன்று காலை புது அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தேன். உள்ளிருந்து அந்த வாசனை வந்தது. அச்சிலிருந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகாத தட்டுகளின் வாசனை. புது ரப்பர் செருப்பும் உருகிய மெழுகும் கலந்தது போல இருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ வாய் தானாகத் திறந்து, "யக்கா, இது மாமியாரா மருமவளா, பாரு" என்று கேட்டுவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. பெட்டியை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இப்போது நீ குறுக்கே பேசவும் முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பக்கெட்டும் கார் பாகங்களும் வார்த்துக்கொண்டிருந்த நம் ஒரகடம் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து இந்தத் தட்டு ஆர்டர் வந்தபோது நமக்கு ஒன்றும் புரியவில்லை. டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டாம். பந்துக்குப் பதில் தட்டை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் போடவேண்டுமாம். ஒரே தடவையில் வார்த்த ஒவ்வொரு லாட்டிலும் சில தட்டுகளை வீசிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். திருநெல்வேலிக்காரரான நம் சூப்பர்வைசர், இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து நம் இருவரையும் எழுப்பிப் பின்பக்கத்துக் காலி மனைக்கு அழைத்துப் போனார். சேலைமேல் நீலக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் தட்டு. முள்வேலிக்கு அந்தப்பக்கம் லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி நம்மை வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் வாரம் நாம் செய்த கூத்து நினைவிருக்கிறதா? தட்டு நேராகப் போய், கடைசியில் இடப்பக்கம் வளைந்து இறங்கியது. நேராகப் போகாதது கோணல் சரக்கு என்று முடிவு கட்டி, இரண்டு கிரேட் பெட்டி நிறைய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் என்ன பண்ணுதீங்க? வலது கையால வீசினா கடைசில இடது பக்கம் இறங்கும்மா. அதான் அதோட குணம்!"

"குணம்னு முன்னாடியே சொல்லி இருந்தா ஒட்டி இருப்பமா சார்?" என்றாய் நீ. அவர் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு தட்டுகளின் குணம் நமக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பேர் வைத்தவள் நீதான். விளிம்பு கூராக, கனமாக இருந்தது மாமியார். எவ்வளவு வேகமாக வீசினாலும் கடைசியில் தன் பக்கம் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். இன்னொன்று மருமகள். முதலில் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு போய், அப்புறம் வழிக்கு வரும். தடித்த விளிம்புக்காரி சம்பந்தி. சண்டைக்கும் வராது, சமாதானத்துக்கும் வராது. நேராகப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்துவிடும்.

எறிகிற முறையையும் பழகினோம். பக்கவாட்டில் நில், ஒரு அடி எடுத்து வை, தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழு, டீசல் இன்ஜினுக்குக் கயிறு இழுப்பது போல வெடுக்கென்று விடு என்பார் சூப்பர்வைசர். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கோவிந்தா என்று சொல்லி விடுவேன், தட்டு இறங்கவேண்டிய இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் போய் விழும். "தட்டுல பாயாசம் கீதுன்னு நெனச்சிக்கோ யக்கா, சிந்தாம இழு" என்று உனக்குப் பாடம் வேறு நடத்துவேன். உன் தட்டு மட்டும் குடிகாரன் நடை நடந்து பாதியிலேயே விழும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். நீ தனியாக நின்று ஒரு மாமியாரை வீசினாய். அது ஒரு ஆட்டமும் இல்லாமல் கருடன் மாதிரி மிதந்து போயிற்று. சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தவள், உன் கையைப் பார்த்துவிட்டேன்.

"யக்கா! பீச்சாங்கையாலயா வீசற?"

"ஆமா. இதுவும் என் கைதான? பக்கத்து வூட்டுக்காரி கையா?"

"சாமி கும்புடறவ பேசற பேச்சா இது? பெருமாளே சக்கரத்த சோத்துக்கையிலதான் வெச்சிகினு கீறாரு. நீ இன்னா அவருக்கு மேலயா?"

நீ சிரிக்கவில்லை. கோட்டுக் கையைச் சுருட்டி இடது மணிக்கட்டைக் காட்டினாய். புளியங்கொட்டை அளவில் பழைய தழும்பு. "ஆறு வயசுல மணல்ல இந்தக் கையால 'அ' எழுதனேன். எங்கம்மா கரண்டியக் காய வெச்சி இழுத்தாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "நல்லதுக்குத்தான் செஞ்சாங்க" என்றேன். நீ கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, தட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். அதற்கப்புறம் ஒன்பது நாள் வலது கையால்தான் வீசினாய்.

அந்த ஒன்பதாவது நாள்தான் சூப்பர்வைசர் வந்து, ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார் என்றார். ஆளுக்கு ஐந்து தட்டு. எல்லாம் ஒரே இடத்தில் விழவேண்டும். விழாவிட்டால் உன்னை மறுபடி தட்டு வார்க்கிற மெஷின் பக்கம் அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார்களாம். மெஷின் சூட்டிலும் அந்தப் புகையிலும் நின்றால் உனக்கு இழுப்பு வந்துவிடும். அங்கே இருந்த காலத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து நீ மூச்சுக்குத் தவித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலி மனைக்கு வந்தபிறகுதான் நீ பஸ்ஸில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாய். அன்று திரும்பும்போது, உன் ஊர் பென்னலூரில் இறங்குமுன் சொன்னாய்: "வுடு சாமியாரம்மா. போனா மூச்சு, வந்தா காத்து."

மறுநாள் வியாழக்கிழமை எனக்கு வார லீவு. மணிமங்கலம் பெருமாள் கோவிலுக்குப் போனேன். உன் வலது கைக்குப் பலம் கொடு என்று கேட்கத்தான் போனேன். பட்டர் தீபாராதனை காட்டி, வெளியூரிலிருந்து வந்திருந்த குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நன்னா சேவிச்சுக்கோங்கோ. வலது திருக்கரத்துல சங்கு, இடது திருக்கரத்துல சக்கரம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாமி, மாத்தி சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"நான் மாத்தலைம்மா. அவரே மாத்திண்டுதான் நிக்கறார்."

எதிரே நிற்கிறவருக்கு எது இடது, எது வலது என்று குழம்பி, நானும் அவரைப் போலவே திரும்பி நின்று பார்த்தேன். சக்கரம் இடது கையில்தான் இருந்தது. பாரதப் போரில் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் கை மாற்றிக்கொண்டார் என்று பட்டர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து நான் போகிற கோவில் அக்கா அது. கற்பூரம் காட்டியதும் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கு. முப்பது வருஷத்துக்குமேல் மூடிய கண்ணோடு கும்பிட்டுவிட்டு, உனக்கு நான் பெருமாள் கையைச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நீ உட்காருவதற்கு முன்பே சொன்னேன், "யக்கா, இன்னிக்கி பீச்சாங்கையால வீசு."

"ஏன், உன் பெருமாள் கோச்சிக்க மாட்டாரா?"

"மணிமங்கலத்துக்காரரும் உன் கட்சிதான். நேத்துதான் பாத்துட்டு வரேன்."

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். பிறகு ஒரகடம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

முதலில் என் முறை. என் ஐந்தும் இடப்பக்கத்துக் கோட்டில் விழுந்தன. அடுத்து நீ. தட்டை இடது கையில் எடுத்தாய், திரும்பி நின்றாய், இழுத்து விட்டாய். ஐந்து மாமியாரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், வலப்பக்கம் வளைந்து, ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள் இறங்கின. சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா எல்லாம் எதிர்ப்பக்கம் விழுது? லாட்டே போச்சா?"

"லாட்டுக்கு ஒண்ணும் ஆவல சார். கை மாறினா வளைவும் மாறும். நீங்க கோட்ட அந்தாண்ட போடுங்க" என்றேன். வந்திருந்தவர் தட்டுகள் விழுந்த இடத்துக்கு நடந்துபோய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வந்து உன்னிடமே ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் நமக்குச் சொன்னார்: "அவங்க ஊர்ல இடதுகைக்காரங்களும் நிறைய பேர் ஆடுதாங்களாம். அந்தப் பக்கமும் வீசிப் பாக்க ஆள் வேணும்னு சொல்லுதாரு." அன்றைக்கே வலப்பக்கம் இன்னொரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நீ மெஷின் பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

அதற்குமேல் ஐந்து வருஷம் சேர்ந்து வீசினோம். போன மாசியில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் நீ போய்விட்டாய். பெருமாள் பெயரைச் சொல்லி உன்னை வீசச் சொன்னேனே தவிர, நான் சொன்னது தப்பு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஓயாமல் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் அம்மா செய்தது நல்லதுக்கு இல்லை அக்கா. அதை நல்லதுக்கு என்று சொன்னது என் தப்பு.

நீ போனபிறகு சூப்பர்வைசர், இடது கைக்கு ஆள் இல்லை, அந்தக் கோடு இனி வேண்டாம் என்றார். "இருக்கட்டும் சார், நான் பழகறேன்" என்றேன். தினமும் ஷிப்ட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் பழகுகிறேன். முதல் நாள் தட்டு என் முதுகுக்குப் பின்னால் போய் கேண்டீன் சுவரில் மோதியது. நீ இருந்தால் பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். உன்னைப் போலத் தோளைத் தளர்த்தி, கடைசி நொடியில் மணிக்கட்டை விட்டால்தான் வருகிறது. நேற்று ஐந்தில் மூன்று கோட்டில் விழுந்தன. மற்ற இரண்டும் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டன.

"போதும்மா, இதுவே பெரிசு" என்றார் சூப்பர்வைசர்.

"போதாது சார். அந்தக்கா அஞ்சுக்கு அஞ்சு போட்டவங்க" என்று சொல்லிவிட்டு, தட்டுகளைப் பொறுக்கப் போனேன்.