நீ போட்ட சராசரி விலை

இன்று காலை லாரியிலிருந்து புதுக் கம்பி இறங்கியது. மழையில் நனைந்த இரும்பின் வாடை கடைக்குள் வந்ததும், எடை பார்க்கச் சொல்லி உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன். நீ போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் நாம் சேர்ந்து இந்தக் கடையைத் திறந்தபோது, மகாபலிபுரம் கடற்கரையோரம் வரிசையாக விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்தன. நீ சரக்கு கொண்டுபோவாய். நான் கணக்குப் பார்ப்பேன். நமக்குள் சண்டை வந்தது ஒரே விஷயத்துக்குத்தான்: குடோனில் மிச்சமிருக்கும் கம்பிக்கு என்ன விலை போடுவது?

விலை ஏறிக்கொண்டே இருந்த சமயம். முதல் லோடு கிலோ ஐம்பதுக்கு வந்தது, அடுத்தது எழுபதுக்கு. முதலில் வந்ததே முதலில் விற்றதாக வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் எழுபது ரூபாய்ச் சரக்கு. லாபம் கூடுதலாகத் தெரியும், வங்கியும் கடனை உயர்த்தித் தரும் என்றேன். நீ என்னைக் குடோனுக்கு இழுத்துப் போனாய்.

"இதுல எது பழசு, எது புதுசுன்னு காட்டு மச்சான். எல்லாம் ஒண்ணாத்தான கெடக்குது? கணக்குல மட்டும் இன்னாத்துக்குப் பிரிக்கிற?"

இரண்டு லோடையும் கலந்து சராசரி விலை போடச் சொன்னாய். ஏறிய விலையை நம்பிக் கடனைக் கூட்டினால், இறங்கும்போது மாட்டிக்கொள்வோம் என்பது உன் பயம். சொன்னபடியே விலை சரிந்தது. பக்கத்துக் கடைகள் தள்ளாடின, நாம் நின்றோம். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன்னை நெஞ்சுவலி கொண்டுபோனபோது விலை மறுபடி உச்சத்தில் இருந்தது. உன் பங்கைப் பிரித்து உன் மனைவி மலரிடம் கொடுக்கும் வேலை என்மேல் விழுந்தது. மிச்சச் சரக்குக்குச் சராசரிப்படி விலை போட்டால் அவளுக்குக் குறைவாகவே போகும். நம் ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றார் ஆடிட்டர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் மகள் பொத்தேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள். கூடுகிற தொகை என் பங்கிலிருந்து போனாலும் போகட்டும் என்று கடைசி லோடு விலையைப் போட்டேன். மறைக்கக் கூடாது என்று இரண்டு விதமாகவும் மலரிடம் விளக்கினேன்.

இரண்டு தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இத்தினி வருசமா எங்களுக்குக் கம்மியாத்தான் குடுத்துகினு இருந்தீங்களாண்ணா?"

இரண்டு கணக்கு முறைகளும் சரிதான், ஒன்றில் லாபம் முன்னால் வரும், மற்றதில் பின்னால் வரும், எதுவும் காணாமல் போகாது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டும் சரின்னா, அவரு இருக்கசொல்ல ஏன் இப்படிப் போடல? யாரு வாணான்னது?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருந்தால் அவர்கள் கோபம் உன் பக்கம் திரும்பியிருக்கும். பதில் சொல்ல நீ இல்லை.

"நாந்தாம்மா" என்றேன்.

மலர் பணத்தை வாங்கிக்கொண்டாள். அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. சென்ற வாரம் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் உன் மகள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் மனதில் உன்மேல் ஒரு குறையும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று, அவள் ஏறிய பேருந்து கிளம்பும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.