பன்றி என்றொரு இன்ஜினீயர்

வடக்குப்பட்டு,
ஞாயிறு காலை.

அன்புத் தங்கை தேவிப்பிரியாவுக்கு அண்ணன் ராஜசேகர் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட உன் பிள்ளையின் சேதியை மாப்பிள்ளை ஹேமந்த் தினமும் அனுப்புகிறார். நேற்று ஒன்றரைக் கிலோவைத் தொட்டானாம்.

போனில் பெயர் என்று வாயெடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எங்கள் கம்பெனியிலிருந்து, நீங்கள் இருக்கும் தாய்லாந்துக்குப் பயிற்சிக்கு வரும் திருமலையிடம் கொடுத்தனுப்புகிறேன். சாம்பார்ப் பொடியும் அவனிடம் இருக்கிறது, மறக்காமல் கேட்டு வாங்கு.

அப்படி வருகிற பையன்களுக்காக, பாங்காக் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய பயண நூல்களிலிருந்து நாற்பது பக்கம் தமிழில் போடச் சொன்னார்கள். ட்ரெயினிங் பிரிவில் அகப்பட்டவன் நான்தானே. எல்லாரும் ஒரே ஊரைத்தான் பார்த்திருக்கிறார்கள். நெரிசல், தெருவோர நூடுல்ஸ், பொன் கோபுரம், எதற்கும் சிரிக்கிற மக்கள். படப்பையில் ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொங்குகிறவனும் சிரித்துக்கொண்டுதான் போகிறான். இவர்கள் பார்த்தால் அதையும் மனநிறைவு என்று எழுதிவிடுவார்கள்.

ஒருவர் பெயர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்களுக்குப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர், கூப்பிடக் குட்டியாக ஒரு பெயர். அவருடைய டிரைவர் பெயர் தவளையாம், ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் பெயர் பன்றியாம். மூன்று பக்கம் சிரித்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். ஏன் அப்படி என்று ஒருவரையும் கேட்கவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா? போன மாதம் அங்கிருந்து மெஷின் பழக்கிவிட வந்த பெண் இன்ஜினீயர், தன்னை மூ என்று கூப்பிடச் சொன்னார். மூ என்றால் பன்றி என்றதும் லைனே சிரித்தது. நானும்தான். இந்த அத்தியாயத்தை முடித்த பிறகு வெட்கமாகிவிட்டது. கேன்டீனில் அவரிடமே கேட்டேன். அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். அழகான பெயராகக் கூப்பிட்டால் பேய்க்கு ஆசை வந்துவிடும் என்று அவருடைய அம்மா பயந்தாராம். சாதாரணமாகச் சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் மோர் கேட்டார்.

சான்றிதழில் ராஜசேகர், வீட்டில் குப்பன் என்று நானும் சொன்னேன். எனக்கு முன்னால் ஒன்று போனதால் என்னைக் குப்பைமேட்டில் புரட்டி, எதிர்வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லி என் மானத்தை வாங்கியவள் நீ.

போன வருஷம் உன் முதல் பிரசவத்துக்கு முன்பே பெயரை முடிவு செய்துவிட்டோம். பெயர் வெட்டிய வெள்ளிக் கிண்ணம்கூட வாங்கினேன். பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. அந்தப் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. பெயர் வைத்ததால் அது போகவில்லை, தேவி. எனக்குப் பேயில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் இருபது நாளாக இந்தப் பிள்ளையை நீ எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை, கண்ணாடிப் பெட்டியருகே ஊமையாக உட்கார்ந்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நட்சத்திரத்துக்கு என்ன எழுத்து வரும் என்று அம்மா தினமும் துளைத்துக்கொண்டிருந்தாள். மூ சொன்னதை அவளிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தை மூடி வைத்தாள். பிறகு, “எழுத்தும் வாணாம், ஒண்ணும் வாணாம். அங்க நர்ஸம்மா இன்னா சொல்லிக் கூப்புடுதோ, அத்தையே சொல்லிக் கூப்புடச் சொல்லு அவள” என்றாள்.

நல்ல பெயர் நிதானமாக வரட்டும். நீ நாளைக்கே பெட்டியருகே குனிந்து, எலி என்றோ தவளை என்றோ எதையாவது சொல்லி அவனைக் கூப்பிடு. உன் குரல் அவனுக்குக் கேட்க வேண்டும் தேவி, எனக்கு அது போதும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சுருங்கிய மூஞ்சியும் குச்சிக் காலுமாக, யார் கண்ணுக்கும் பிடிக்காத அந்தப் பயலுக்கு நான் ஆசி எதுவும் அனுப்பவில்லை. அதை அங்கே இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அவனுடைய மாமன்
ராஜசேகர்