ஸ்னாப்ஷாட்டுக்கு அப்புறம் வந்தது

அம்மாவுக்கு இளவரசன் எழுதறது. முட்டிவலி கம்மியாச்சா? கோமுகி டேம்ல தண்ணி வுட்டாங்களா? புனேவுல நான் நல்லாதான் இருக்கேன்.

கம்ப்யூட்டரை ஓட்ட இலவசமா கிடைக்கிற லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ரெண்டுல, கெட்டுப்போனா எது சுளுவா பழையபடி திரும்புதுன்னு பாக்கறதுதான் இப்ப ஆபீஸ்ல என் வேலை. நேத்து என் கைத்தப்பால சொந்த லேப்டாப்பே படுத்துக்கிச்சு. பயப்படாத, ஸ்னாப்ஷாட் இருந்துச்சு. போட்டோ இல்லம்மா. அதை எடுத்தப்ப உள்ள இன்னா இருந்துச்சோ, அதெல்லாம் அப்படியே திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் வந்ததுதான் போயிடும்.

போன்ல இடமில்லைன்னு லேப்டாப்புக்கு மாத்தி வெச்ச உன் வாய்ஸ் மெசேஜ் அப்படித்தான் போயிடுச்சு. இன்னொண்ணு அனுப்பு. "சாப்ட்டியாடா"ன்னு கேட்டுட்டு, நிறுத்தத் தெரியாம மாட்டோட பேசிக்கினே இருந்தியே?

ஆபீஸ் பஸ் வந்துடுச்சு. இந்த வாட்டியும் நிறுத்தாதம்மா.